கல்லைத் திரும்பக் கொட்ட வைத்தவள்

கணவன் செத்துப்போனதைக்கூட அவள் காலப்போக்கில் தாங்கியிருப்பாள். செத்தவனைக் குடிகாரனாக்கியதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அவன் பொக்லைன் ஓட்டியவன். வண்டியின் பக்கெட்டைக் கரண்டி பிடித்த மாதிரி அப்படி லாவகமாக வளைப்பான் என்பதால் அவனுக்கு ‘பக்கெட்’ என்றே பேர் விழுந்துவிட்டது. அவளோ சந்தையில் மீன் அறுத்துச் சுத்தம் செய்து கொடுப்பவள். அங்கே அவளுக்கு ‘பக்கெட் பொண்டாட்டி’ என்று பெயர். முதலில் கோபப்பட்டாள், பிறகு அந்தப் பேரிலேயே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இருவருக்கும் சோறு போட்டது ஒரே ஆறு. அவன் ஆற்றில் கல் தோண்டினான். அவள் அதே ஆற்று மீனை அறுத்தாள். அவன் வேலை ஏற ஏற அவள் வேலை இறங்கியது. சந்தைக்கு வரும் ஆற்று மீன் வருஷா வருஷம் சின்னதாகி, கடைசியில் வேறெங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வருகிற மீனைத்தான் அவள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ தோண்டுற குழியிலதான்யா என் பொழப்பு போய் விழுது” என்பாள்.

“நான் தோண்டலைன்னா இன்னொருத்தன் தோண்டுவான். அவன் உனக்குச் சம்பளத்தைக் கொண்டாந்து குடுப்பானா?” என்று அவன் சிரிப்பான்.

தோண்டச் சொன்னவர் கல்லு முதலாளி. ஆற்றங்கரையில் அவருக்குப் பெரிய கல் யார்டு இருந்தது. ஆற்றின் அடியிலிருந்து கூழாங்கல்லை அள்ளி, கழுவி, சலித்து, மலை மலையாகக் குவித்து வைத்து விற்பார். கழுவத் தண்ணீர் வேண்டுமென்று ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை ஒரு தடுப்புச் சுவரையும் எழுப்பியிருந்தார். சுவருக்குக் கீழே இருந்த மீன் மேலே ஏற வழியில்லை. மேலே இருந்த மீனுக்கு முட்டையிட இடமில்லை. கூழாங்கல் இடுக்கில் முட்டையிடுகிற கெண்டைக்கு, கல்லெல்லாம் போய் வெறும் களிமண் தெரிகிற ஆற்றில் என்ன வேலை? அது போயே போய்விட்டது.

மழை பெய்து விட்ட ஒரு நாள் காலை, அவன் வேலைக்குப் போனான். நடுப்பகலில் சந்தைக்கு ஆள் வந்தது. கையெல்லாம் செதிலோடு அவள் ஓடினாள். கரை சரிந்து, வண்டி தலைகுப்புறக் குழிக்குள் கிடந்தது. அவனைத் தார்ப்பாயில் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் யார்டு சூப்பர்வைசர் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

“காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் சார். நான் வண்டியில ஏறாதேன்னு சொன்னேன். கேட்டாத்தானே?”

அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அவன் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்தவன். குடி பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. அவனுடைய அம்மா, அதாவது அவளுடைய மாமியார், வந்தவர் போனவரிடமெல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “இருமல் மருந்து குடிச்சாலே வாந்தி எடுக்கிறவன்டா என் புள்ள! அவன் எப்படிடா குடிப்பான்?” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வாசலைத் தாண்டியதும், “தாய்க்காரி அப்படித்தான் சொல்லுவா” என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் எதையோ தெளிவில்லாமல் எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஊர் வாய்க்கு அதுவே போதுமாயிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவள் யார்டு ஆபீசுக்குப் போனாள். குளிரூட்டிய சின்ன அறை. மேஜை மேல் விதவிதமான கல் மாதிரிகள் கண்ணாடிக் கிண்ணங்களில் இருந்தன. முதலாளி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவளை உட்காரச் சொன்னார். குரலில் இரக்கம் சொட்டியது.

“போனவனைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாதும்மா. நல்ல வேலைக்காரன். அந்தப் பழக்கம் ஒண்ணுதான்...”

“அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாதுங்க.”

“வீட்டுக்குத் தெரியாம எத்தனையோ நடக்கும்மா. விடு. ஒரு தையல் மெஷின் வாங்கித் தரச் சொல்றேன். வீட்டோட இருந்து பொழைச்சுக்க.” ஒரு ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் எழுந்தாள். “கரை வெடிச்சிருக்குன்னு அவர் முந்தின நாளே எங்கிட்டச் சொன்னாருங்க. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு.”

முதலாளி மென்று முடித்து, விதையைத் துப்பிவிட்டு, “செத்தவன் சொன்னதுக்கெல்லாம் சாட்சி ஏது?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டாள், “என்ன சொன்னான் அந்தக் கட்டையில போறவன்?”

“தையல் மெஷின் தர்றானாம்.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல அத்தை. ஆனா அவன் வாயாலயே ‘அவன் குடிக்கலை’ன்னு சொல்ல வைக்காம நான் சாக மாட்டேன்.”

அதுவரை அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் எலியும் பூனையுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தை எங்கே வைப்பது என்பதில்கூடச் சண்டை வரும். அன்றைக்குத்தான் கிழவி முதல்முறையாக மருமகளை மேலும் கீழும் பார்த்து, “என் வயித்துல பொறந்திருக்க வேண்டியவடி நீ” என்றாள்.

மெஷின் என்றதும் அவளுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் அல்ல. நகரத்தின் மறுகோடியில் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே போய் நின்றாள். வரிசையில் நின்ற ஆண்கள், “அக்கா, டீக்கடை அந்தப் பக்கம்” என்றார்கள். அவள் வரிசையை விட்டு நகரவில்லை. கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கரண்டியை லிவராக வைத்து, அவளுக்கு வண்டி ஓட்டுவதை நடித்துக் காட்டியதுண்டு. இடது கையில் வண்டியின் உடம்பு திரும்பும், வலது கையில் பக்கெட் மடங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் சீட்டில் உட்கார்ந்தபோது கரண்டி வேறு, லிவர் வேறாக இருந்தது. முதல் நாள் ஒரு கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாம் நாள் வேலியைச் சாய்த்தாள். கற்றுக்கொடுப்பவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவளோ சாய்ந்த வேலியை யார்டு ஆபீஸ் என்று நினைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து கை நிலைத்துவிட்டது.

லைசென்ஸ் வந்தது. சாக்கடை தோண்டினாள், அஸ்திவாரம் தோண்டினாள், குழாய்ப் பள்ளம் தோண்டினாள். வருஷங்கள் போயின. ‘பக்கெட் பொண்டாட்டி’ மெல்ல ‘பக்கெட் அக்கா’ ஆனாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆற்றுப் பாலத்தில் நின்று யார்டைப் பார்ப்பாள். கல் மலைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. அவற்றின் உயரத்துக்கு அவளுடைய வன்மமும் உயர்ந்துகொண்டே இருந்தது. மற்றவர்களுக்குக் காலம் போகப் போகப் புண் ஆறும் என்பார்கள். அவள் தன் புண்ணை ஆறவிடவில்லை. ஆறிவிடுமோ என்று பயந்து, அவ்வப்போது அதைத் தானே கிளறிவிட்டுக்கொண்டாள்.

அப்படி இருந்தபோதுதான் ஆற்றைச் சீராக்கும் திட்டம் வந்தது.

அதற்குப் பொறுப்பாக வந்தவள் மீன்களைப் பற்றிப் படித்த ஆராய்ச்சிக்காரி. ஒல்லியாக, இடுப்பு வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, காலையிலேயே ஆற்றுக்குள் இறங்கிவிடுவாள். ஊர் அவளை ‘மீன் டாக்டர்’ என்றது. தடுப்புச் சுவரை எடுக்க வேண்டும், குழிகளை மூட வேண்டும், ஆற்றின் அடியில் மறுபடியும் கூழாங்கல்லைப் பரப்ப வேண்டும், பெரிய பாறைகளையும் மரக்கட்டைகளையும் போட்டு மீன் ஒதுங்க நிழலும் சுழலும் உண்டாக்க வேண்டும், கரையில் மரம் வைக்க வேண்டும் என்பது திட்டம். அதற்குப் பொக்லைன் ஓட்ட ஆள் கேட்டார்கள். பக்கெட் அக்கா முதல் ஆளாக வந்து நின்றாள்.

“ஆத்துக்குள்ள வேலை செஞ்சிருக்கீங்களா அக்கா?” என்று மீன் டாக்டர் கேட்டாள்.

“இல்ல மேடம். ஆனா இந்த ஆத்துல ஒரு கணக்குத் தீர்க்கணும்.”

மீன் டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். “என்ன கணக்கு?”

அவள் மறைக்காமல் சொன்னாள். மீன் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க கோபம் உங்களோடது. வேலையை மட்டும் நான் சொல்ற மாதிரி செய்யணும், சரியா?” என்றாள். “சரி மேடம்” என்றாள். மனசுக்குள், பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கூழாங்கல்லுக்கு எங்கே போவது என்பது முதல் தலைவலி. மலையை உடைத்த சில்லுக்கல் ஆகாது. அது கூர்மை, மீன் வயிறு உராயும். ஆற்றிலேயே உருண்டு மழுங்கிய கல்தான் வேண்டும். அந்தக் கல் முழுவதும் யார்டில் குவிந்து கிடக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் முதலாளி, “இதெல்லாம் வெளியிலேருந்து வாங்கினது. ஆத்துக் கல்லை நான் அனுமதிக்கு மேல தொட்டதே இல்லை” என்று சாதித்தார். மேலே பார்த்தால் அப்படித்தான் இருந்தது. குவியல்களின் வெளிப்பக்கமெல்லாம் புதிதாக வாங்கிப் போர்த்திய சில்லுக்கல்.

அதிகாரிகள் யார்டைப் பார்வையிட வந்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து குளிர்பானம் கொடுத்து உபசரித்தார். மீன் டாக்டர் குளிர்பானத்தைத் தொடாமல் குவியலைச் சுற்றி வந்தாள். பிறகு திரும்பி, “இதை நடுவுல திறந்து பாக்கணும்” என்றாள்.

“தாராளமா” என்றார் முதலாளி. “ஆனா என் வண்டி எல்லாம் ரிப்பேர்ல நிக்குது. என்ன பண்றது?”

வாசலில் ஹாரன் கேட்டது. செயின் சக்கரப் பொக்லைன் ஒன்று கடகடவென்று உள்ளே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பக்கெட் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு அடையாளம் தெரிந்தது. தையல் மெஷின் தருவதாகத் தான் சொல்லி அனுப்பிய பெண்ணா இது என்று அவர் வாய் லேசாகத் திறந்தது. அந்தத் திறந்த வாயை அவள் வாழ்நாளெல்லாம் நினைத்து நினைத்துச் சுவைப்பாள்.

பெரிய குவியலின் விலாவில் பக்கெட்டைச் செருகினாள். சில்லுக்கல் சரசரவென்று வழிந்தது. இன்னும் ஒரு பிடி. இன்னும் ஒன்று. உள்ளிருந்து வழுவழுவென்று கூழாங்கற்கள் உருண்டு வந்து முதலாளியின் செருப்புக்கு முன்னால் நின்றன. மீன் டாக்டர் குனிந்து கல் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். எழுந்தபோது அவள் உள்ளங்கையில் உள்பக்கம் பளபளக்கும் சிப்பி ஓடுகள் இருந்தன.

“இது ஆத்துச் சிப்பி. ஓடுற தண்ணியில, சரளைக்குள்ள புதைஞ்சுதான் வாழும்” என்றாள். “நீங்க வெளியில வாங்கின கல்லுக்குள்ள இது எப்படிங்க வந்துச்சு?”

முதலாளி அதிகாரிகளைப் பார்த்தார். அதிகாரிகள் குளிர்பான பாட்டிலைக் கீழே வைத்தார்கள்.

உத்தரவு வந்தது. அனுமதிக்கு மேல் அள்ளிய கல் அத்தனையும் ஆற்றுக்கே திரும்ப வேண்டும். அவருடைய டிப்பரில், அவருடைய டீசலில், அவருடைய ஆட்களை வைத்து. சுவரையும் எடுத்தாக வேண்டும்.

அதைக் கேட்ட அன்று மாமியார் வீட்டில் இருந்த சர்க்கரையை எல்லாம் போட்டு டீ போட்டாள். “இனிப்பு தொண்டையைக் கிழிக்குது அத்தை.” “கிழிக்கட்டும் குடி.”

டிப்பர் லாரிகள் வரிசையாக வந்து கரையில் கல்லைக் கொட்டின. அவள் அள்ளி ஆற்றுக்குள் பரப்பினாள். ஒவ்வொரு லாரி வரும்போதும் முதலாளி யார்டு வாசலில் நின்று பார்ப்பார். அவர் நிற்கிற நேரத்தில் அவள் வேண்டுமென்றே பக்கெட்டை உயரத் தூக்கி, மெதுவாகக் கவிழ்ப்பாள். கல் தண்ணீரில் விழும் சத்தம் அவர் காது வரை போக வேண்டும்.

ஒருநாள் அவள் கரையோரத் தகரக் கூரைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஏம்மா, கல்லு போனா போகட்டும். சுவர்ல பாதியையாவது விட்டு வைக்கச் சொல்லு. உன் பேச்சை அந்தப் பொண்ணு கேக்குதாமே. தண்ணி இல்லாம என் யார்டு ஒரு நாள் நிக்காது. உனக்கு என்ன வேணும்? கேளு.”

“அவர் குடிக்கலைன்னு சொல்லுங்க.”

அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைக்காரர் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, “சரிம்மா. குடிக்கலை. போதுமா?” என்றார்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. சந்தையில வந்து சொல்லுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுங்க. எங்க அத்தை முன்னால நின்னு சொல்லுங்க.”

“அது எப்படி முடியும்? அப்புறம் சாவு என் தலையில வந்து விழாதா?”

“விழட்டும்னுதான் கேக்கிறேன்.”

அவர் எழுந்து போய்விட்டார். அவள் மிச்ச டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

சுவரை உடைக்கும் நாள் வந்தது. பக்கெட்டைக் கழற்றிவிட்டு, கான்கிரீட்டைக் குத்தி உடைக்கும் பிரேக்கரை மாட்டினார்கள். கரையில் ஊரே கூடியிருந்தது. மாமியார் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியையும் குடையையும் எடுத்துவந்து முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இருந்த வெறியில் சுவரை ஒரே மூச்சில் தகர்த்துவிட வேண்டும் என்றிருந்தது. அடிவயிற்றில் குத்தினால் மொத்தமும் சரியும். தேங்கிய தண்ணீர் சீறிக்கொண்டு போகும். முதலாளி கல் கழுவத் தண்ணீர் இழுக்கும் பம்ப் ஒரே நாளில் காற்றை உறிஞ்சும். இதை நினைத்து நினைத்துத்தான் அவள் இத்தனை காலம் தூங்கியிருக்கிறாள். பிரேக்கரை நேராகச் சுவரின் அடிக்குக் கொண்டுபோனாள்.

மீன் டாக்டர் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். “நிறுத்துங்க! மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்னு சொன்னேன்ல?”

அவள் கதவைத் திறந்து கத்தினாள். “ஒரே அடியில முடிஞ்சிடும் மேடம்!”

“எல்லாம்தான் முடிஞ்சிடும். சுவருக்குப் பின்னால எத்தனை வருஷத்துச் சேறு படிஞ்சு கிடக்கு தெரியுமா? அத்தனையும் ஒரே நாள்ல இறங்கினா கீழ போட்ட கல்லு பூரா மூடிடும். கீழ இருக்கிற மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்த ஆளு மேல உள்ள கோபத்துக்கு மீன் ஏன்க்கா சாகணும்?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கீழே, அவளே கையால் பரப்பிய மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்ட கல் படுகை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அது மூடிப்போனால் முதலாளி சிரிப்பார். அந்த நினைப்புதான் அவள் கையைத் தடுத்தது. மீன் மேல் இருந்த இரக்கம் அல்ல. இதை அவளே பின்னால் மீன் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிரேக்கரை மேலே தூக்கினாள். சுவரின் உச்சியில் ஒரு மூலையை மட்டும் பெயர்த்தாள்.

அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது, மெதுவாகச் செய்வதில் இருக்கிற ருசி. தினமும் கொஞ்சம் சுவர் போகும். தினமும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். முதலாளி தினமும் காலையில் வந்து பம்புக் குழாயை இன்னும் கொஞ்சம் நீட்டுவார். மறுநாள் அதற்கும் எட்டாது. மறுபடி நீட்டுவார். ஒரே அடியில் முடித்திருந்தால் ஒரு நாள் சந்தோஷம். இது வாரக்கணக்கில் நீண்டது. மாமியார் ஒரு நாள்கூடத் தவறாமல் நாற்காலியோடு வந்தாள்.

“இன்னைக்கு எவ்வளவுடி?”

“ஒரு முழம் அத்தை.”

“முழம் போதாது. நாளைக்கு ஒண்ணரை போடு.”

“மேடம் திட்டுவாங்க.”

“அவளும் நல்லவதான். ஆனா வெவரம் பத்தாது” என்று கிழவி குடையை மடக்கினாள்.

கடைசியில் பம்ப் காற்றை உறிஞ்சி இருமிய நாளில், முதலாளி தானே போய் சுவிட்சை அணைத்தார். யார்டு மூடியது. சூப்பர்வைசரை அவர் ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பினார். இத்தனை வருஷம் அவருக்காகப் பொய் பேசிய மனுஷனை, “நாளையிலேருந்து வர வேண்டாம்” என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்.

வேலை முடிந்ததும் கரையில் பந்தல் போட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். அங்கேதான் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. மேடையில் கல்லு முதலாளி உட்கார்ந்திருந்தார். யாரைப் பிடித்தாரோ, என்ன செய்தாரோ, ஆற்றுக்குக் கல் வழங்கிய பெரிய மனுஷர் என்று பெயர்ப்பலகையில் அவர் பெயரும் ஏறியிருந்தது. மீன் டாக்டர் முகம் கறுத்துப்போய், “எனக்கே இப்பத்தான்க்கா தெரியும்” என்றாள்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “இந்த ஆறு எனக்குத் தாய் மாதிரி. என் சொந்த லாரியில, என் சொந்த...”

“நிறுத்துய்யா!”

முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து மாமியார் எழுந்து நின்றிருந்தாள். குடையை அவரை நோக்கி நீட்டியிருந்தாள். “தாயைப் பத்திப் பேசுறியே, ஒரு தாய் கேக்கிறேன். என் புள்ள குடிச்சிருந்தானா இல்லையா? மைக்குலயே சொல்லு.”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். “அம்மா, அது பழைய கதை, இப்ப எதுக்கு...”

“குடிச்சிருந்தானா இல்லையா?”

பக்கெட் அக்காவும் எழுந்து மாமியாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கண்ணையே பார்த்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். மைக்கில் அவர் மூச்சு வாங்குவது பந்தலெல்லாம் கேட்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “குடிக்கலை.”

எல்லாரும் திரும்பினார்கள். பழைய சூப்பர்வைசர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “அவன் குடிக்கலை. கரை வெடிச்சிருக்கு, இன்னைக்கு இறங்க வேண்டாம்னு காலையிலேயே எங்கிட்டச் சொன்னான். நான் முதலாளிக்குப் போன் போட்டேன். இறங்கச் சொல்லு, இல்லைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னாரு. அவன் இறங்கினான். போலீஸ்கிட்ட என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்ததும் இவர்தான்.” பிறகு மேடையைப் பார்த்து, “இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றார்.

முதலாளி இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மேடையின் பின்பக்கப் படியில் இறங்கும்போது, கையிலிருந்த மைக் அணையாமல் இருந்தது தெரியாமல், “குடிக்கலைன்னா இப்ப என்ன, செத்தவன் வந்துடுவானா?” என்று முணுமுணுத்தார். ஊர் முழுக்கக் கேட்டது.

மாமியார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள். பக்கெட் அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். தன் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது மட்டும் தெரிந்தது.

சூப்பர்வைசர் அருகில் வந்து தயங்கி நின்றார். “என்னை மன்னிச்சிடும்மா.”

“நீங்க சொன்னது நல்லதுதான். போலீஸ்லயும் வந்து சொல்லுங்க. அதுக்காக உங்க வீட்டு வாசல்ல ஏறுவேன்னு நினைக்காதீங்க” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். போலீசிலும் போய்ச் சொன்னார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வழக்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். அது இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது. முதலாளி தேதிக்குத் தேதி கோர்ட்டுப் படியேறுகிறார். பெயர்ப்பலகையிலிருந்து அவர் பெயரை மீன் டாக்டரே நின்று சுரண்ட வைத்தாள்.

அடுத்த மழைக்குப் பிறகு கெண்டை வந்தது. சுவர் இருந்த இடத்தில் போட்ட பாறைகளுக்கு நடுவே வெள்ளி வெள்ளியாகத் துள்ளி மேலேறியது. மீன் டாக்டர் அவளைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழைத்துப்போய், ஒரு கண்ணாடிப் பெட்டி வழியாகக் கூழாங்கல் இடுக்கைக் காட்டினாள். மணி மணியாக முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அழகா இருக்குல்லக்கா?”

“அழகாத்தான் இருக்கு மேடம்” என்றாள் அவள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இதை அந்த ஆளுக்குக் காட்ட முடியுமா?” என்றாள்.

மீன் டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இப்போது அவள் ஆற்றின் மேல்பக்கத்தில் வேலை செய்கிறாள். அங்கே கரை கட்டவும் மரக்கட்டை இறக்கவும் இன்னும் நிறைய இருக்கிறது. முதலாளியை ஆஸ்பத்திரி டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஊரில் நிழலாக நடக்க வேறு இடம் இல்லாததால், காலையில் ஆற்றோரப் பாதையில்தான் அவர் கைத்தடியோடு வருகிறார். வண்டியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு பாதையின் அந்த ஓரத்துக்கு நகர்வார். அவர் சரியாக எதிரே வரும்போது ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவாள். தினமும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு நாளும் அவளுக்கு அது அலுத்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மாமியார் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்பாள்.

“அடிச்சியா?”

“அடிச்சேன் அத்தை.”

“பலமாவா?”

“பலமாத்தான்.”

கிழவி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சண்டை போட வாகாகத் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள்.